கப்பலேறப் போகும் ஏரிக்கரை நண்பர்களுக்கு

திருநின்றவூர் ஏரிக்கரையில் நாள்தோறும் விடியற்காலையில் என்னோடு நடந்து, நடையைவிட அதிகமாகப் பேச்சையும் பேச்சைவிட அதிகமாகத் தேநீரையும் அனுபவித்துவரும் அன்பர்களே,

தை மாதம் நான்காம் தேதி மாலை சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, பினாங்கும் புக்கெட்டும் கண்டு திரும்பும் உல்லாசக் கப்பலில் நம்மில் 12 தம்பதிகள், ஆக 24 பேர், இடம் பிடித்து முன்பணமும் செலுத்தியாயிற்று என்பது ஊரறிந்த விஷயம். கப்பலுக்குப் பணம் கட்டியபோது நம்மிடம் இருந்த அபூர்வமான ஒற்றுமை, சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் ஒருவழி விமானச் சீட்டைப் பற்றிய பிரஸ்தாபம் எழுந்த அன்றே கலைந்துபோயிற்று. கடந்த மூன்று வாரங்களாக ஆளுக்கொரு கைப்பேசியில் ஆளுக்கொரு விலையைப் பார்த்தபடியே கரைமீது நடக்கிறோம். இதுவரை ஒருவரும் ஏரிக்குள் விழாதது பக்தவத்சலப் பெருமாளின் கிருபை என்றே சொல்ல வேண்டும். நேரில் சொல்லாமல் மடலாக ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்களானால், நம் கூட்டத்தில் ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை அவரே முடித்ததாகச் சரித்திரம் இல்லை என்பதுதான் காரணம்.

கப்பல் சிங்கப்பூருக்கே திரும்பும்போது போக-வரச் சீட்டாகவே வாங்கிவிட்டால் என்ன என்று வெளியார் வினவக்கூடும். நம்மில் இருவர் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கப் போகிறார்கள். மூன்று தம்பதிகள் சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் கோலாலம்பூருக்குப் போய்ப் பேரக்குழந்தைகளைப் பார்த்துவிட்டு எப்போது மனம் வருகிறதோ அப்போது ஊர் திரும்ப உத்தேசித்திருக்கிறார்கள். இன்னும் இருவர் நேரே திருச்சியில் இறங்கி ஸ்ரீரங்கம் சேவித்துவிட்டு வருவதாகப் பிரார்த்தனை. ஆக, போகும் வழி எல்லோருக்கும் ஒன்று. திரும்பும் வழி பல. ஒருவழிச் சீட்டு நமக்கு வாய்த்தது இவ்விதமாகத்தான்.

இதில் அபிப்பிராயம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் என்ற ஒன்றுதான். அந்த 31 வருஷமும் என் ஜோலி சரக்கைக் கப்பலில் சேர்ப்பது. சென்னைத் துறைமுகத்தில் இன்ன தேதி இன்ன மணிக்குள் கன்டெய்னர் வாசலைத் தாண்ட வேண்டும் என்று ஒரு கெடு வைப்பார்கள்; அதைக் ‘கட்-ஆஃப்’ என்போம். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் அனுமார் வால் மாதிரி நின்ற இரவுகளில், லாரி வாடகையில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்த முதலாளிகள் கெடு தவறிக் கப்பலையே விட்டுவிட்டு, அடுத்த கப்பல் வரும்வரை கிடங்கு வாடகையும் வாங்குபவரின் வசவும் சேர்த்துச் சுமந்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆகையால் எங்கள் பிரிவில் லாரி வாடகை என்ன என்று தனியாக யாரும் கேட்கமாட்டார்கள். சரக்கு போய்ச் சேர்ந்த இடத்தில் அதன் மொத்த அடக்கவிலை என்ன என்பதே கேள்வி. அந்த ஒரே அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் 24 உருப்படிகளையும் அளந்து பார்க்கவே இந்த மடல்.

நம் தகப்பனார் காலத்தில் இந்தச் சங்கடம் கிடையாது. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் போய்வந்தது; அதன் பின்னர், பிரெஞ்சுக்காரரிடமிருந்து வாங்கப்பட்டு ‘சிதம்பரம்’ என்று நாமகரணம் பெற்ற கப்பல், 1985-இல் நடுக்கடலில் தீப்பற்றும்வரை அதே தடத்தில் ஓடியது. கப்பலுக்குப் போகக் கப்பலே இருந்தது. கொழும்புக்குப் போகிறவர்களுக்கோ எழும்பூரில் ஒரே சீட்டு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் போட் மெயில் தனுஷ்கோடி வரை கொண்டுபோய் விட, அங்கே தலைமன்னாருக்குப் போகும் நீராவிக் கப்பல் ரயிலின் வரவோடு இணைக்கப்பட்டதாக நிற்கும். 1964 டிசம்பர்ப் புயல் அந்த ஏற்பாட்டைக் கடலோடு கொண்டுபோயிற்று. ரயிலும் கப்பலும் ஒரே சீட்டில் அடங்கியிருந்த அந்தப் பிணைப்புத்தான் இன்றைய நம் யாத்திரையில் இல்லாதது. விமானக்காரனுக்கு நம் கப்பல் எது என்று தெரியாது. கப்பல்காரனுக்கு நம் விமானம் எங்கே நிற்கிறது என்பதைப்பற்றி அக்கறை இல்லை. நடுவில் உள்ள இடைவெளி முழுவதும் நம் தலையில்.

ஒருவழிச் சீட்டு என்றாலே போக-வரச் சீட்டின் பாதியைவிட அதிகம், சில சமயம் முழுச்சீட்டைக்கூடத் தாண்டும் என்று நம்முள் மூத்தவர் ஒருவர் அடித்துச் சொன்னார். அது முழுப்பொய்யன்று. சாப்பாடும் பெட்டியும் சேர்த்து விற்கும் பெரிய நிறுவனங்கள், ஒருவழி போகிறவன் காரியார்த்தமாகப் போகிறவன், பணம் பார்க்கமாட்டான் என்று அனுமானித்து அவனிடம் கூட வாங்குவதும், போய்த் திரும்புகிறவன் ஊர் பார்க்கப் போகிறவன், விலை பார்ப்பான் என்று அவனுக்குக் குறைப்பதும் நெடுங்கால வழக்கம்; ஐரோப்பா, அமெரிக்கா போன்ற தூரதேசச் சீட்டுகளில் இன்றும் அதைக் காணலாம். ஆனால் மலிவுக் கட்டண நிறுவனங்கள் ஒவ்வொரு பறப்பையும் தனித்தனிச் சரக்காக விற்கத் தொடங்கியபின், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையேயுள்ள நாலு மணி நேரச் சொச்சத்துக்கு அந்தப் பயம் பெரும்பாலும் அநாவசியம். இருந்தாலும் ஒருவழி, போக-வர இரண்டையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவதில் நஷ்டமில்லை. போக-வரச் சீட்டு மலிவாக வந்தால் அதை வாங்கித் திரும்பும் பாதியைக் கிழித்துப்போடலாமே என்று யோசிக்கும் சாமர்த்தியசாலிகளுக்கு ஒன்று: நிறுவனங்களின் நிபந்தனைகள் பலவும் இதை ஒப்புக்கொள்வதில்லை, அதைவிட முக்கியமாக, முதல் பாதியில் ஏறாமல் இரண்டாம் பாதியில் மட்டும் ஏறலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம், முதலில் ஏறாதவனின் மீதிச் சீட்டு தானாகவே ரத்தாகிவிடும்.

இனி, நம்முள் பெரிய சண்டையை மூட்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஒரே நாள், ஒரே விமானம். தபால் இலாகாவில் ஓய்வுபெற்ற நம் நண்பர் பார்த்தபோது ஒரு விலை, ஆவடி டாங்கித் தொழிற்சாலை நண்பர் பார்த்தபோது வேறு விலை. ஒருவர் மற்றவரைப் பொய்யர் என்றார். மற்றவரோ, பார்க்கப் பார்க்கக் கைப்பேசி நம் ஆசையை மோப்பம் பிடித்து விலையை ஏற்றிவிடுகிறது என்று ஒரு சித்தாந்தமே நிறுவினார். இருவரும் சொன்ன விலை மெய். வித்தியாசம், தபால்காரர் தமக்கும் மனைவிக்குமாக 2 பேருக்குத் தேடினார், டாங்கிக்காரர் பொதுநலம் கருதி 9 பேருக்குத் தேடினார் என்பதில் இருக்கிறது. விமானத்தின் இருக்கைகள் பார்வைக்கு ஒரே வரிசையாக இருந்தாலும் விற்பனைக் கணக்கில் பல படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கீழ்ப்படியில் சில இருக்கைகள் குறைந்த விலைக்கு, அவை தீர்ந்தால் அடுத்த படி, அதுவும் தீர்ந்தால் அதற்கடுத்தது. ஒரு பேச்சுக்கு, ரூ.9,000 விலையுள்ள கீழ்ப்படியில் மூன்றே இடம் பாக்கியிருக்க, அடுத்த படி ரூ.12,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேருக்கு ஒன்றாகக் கேட்டால், யந்திரம் மூவருக்கு மலிவாகவும் அறுவருக்கு விலை கூட்டியும் தராது. ஒன்பது பேரும் ஒருங்கே அடங்கும் படியைத் தேடி, ஒன்பதையும் ரூ.12,500-க்கே காட்டும். ஆகவே இரண்டிரண்டு பேராகக் கேட்டு வாங்குவதே யுக்தி. ஒரே பதிவில் 9 பேருக்குமேல் வழக்கமாக ஏற்கமாட்டார்கள். 10 பேரோ அதற்குமேலோ போனால் குழுப்பதிவு என்று நிறுவனங்களில் தனி ஏற்பாடு உண்டு. அதில் பெயர்களைப் பிற்பாடு கொடுக்கலாம், விலையை நிறுத்தி வைக்கலாம் என்ற சௌகரியங்கள் இருந்தாலும், மலிவு என்பது அதன் லட்சணங்களில் ஒன்றன்று. 12 தம்பதிகளும் ஒரே காலையில், ஆனால் தனித்தனியாக, அவரவர் சீட்டை வாங்கிக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைக்காமல் போகலாம். முப்பது நாற்பது வருஷம் தாம்பத்தியம் நடத்தியவர்கள் நாலு மணி நேரம் பிரிந்திருப்பதில் ஆட்சேபம் எழாது என்று நம்புகிறேன்.

விலையோடு பெட்டியின் எடையையும் பாருங்கள். மலிவுச் சீட்டில் கையோடு எடுத்துப்போகும் 7 கிலோவைத் தவிர வேறு எதுவும் அடங்காதது சகஜம். கப்பலில் இரவு விருந்துக்கென்று பட்டுப்புடவையும் மகள் வீட்டுக்கென்று ஊறுகாய் ஜாடியும் கொண்டுபோகும் நமக்கு 7 கிலோ எந்த மூலைக்கு? பெட்டிக்கான கட்டணத்தைச் சீட்டு வாங்கும்போதே கட்டினால் ஒரு விலை, விமான நிலையத்தில் கட்டினால் அதைவிடப் பெரிய விலை. அதையும் கூட்டிய பிறகு, பெட்டி, சாப்பாடு எல்லாம் உள்ளடக்கிய பெரிய நிறுவனத்தின் சீட்டு சில நாட்களில் அருகில் வந்து நின்றுவிடுகிறது.

இப்போது அந்த நள்ளிரவு விமானம். நான்காம் தேதி அதிகாலை 1.20 மணிக்குச் சென்னையில் ஏறினால், இரண்டரை மணி நேர வித்தியாசத்தையும் சேர்த்து, சிங்கப்பூர்க் கடிகாரப்படி ஏறத்தாழ 8 மணிக்கு இறங்கலாம், கப்பல் மாலையில்தான், ஹோட்டல் செலவு மிச்சம், விலையோ எல்லா விமானங்களிலும் குறைவு. கேட்கக் கேட்க இனிக்கும் இந்த யோசனைக்குக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் தலையாட்டிவிட்டீர்கள். அதற்கு விரோதமாகவே நான் எழுதுகிறேன்.

கப்பல் மாலை 5 மணிக்கு என்றால் நாம் 5 மணிக்குப் போய்ச் சேரலாம் என்று அர்த்தமில்லை. பிரயாணிகளின் ஜாபிதாவை முடித்துத் துறைமுக அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், புறப்படுவதற்கு ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே வாசலை மூடிவிடுவார்கள். நான் சொன்ன கட்-ஆஃப் இதுதான். காலை 8 மணிக்கும் பிற்பகல் 3.30-க்கும் இடையில் ஏழரை மணி நேரம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, விமானம் புறப்பட்டால். அந்த விமானம் வேறெங்கோ போய்த் திரும்பி வந்தபிறகே நம்மை ஏற்றும். அது அங்கே தாமதித்தால் இங்கேயும் தாமதம். ரத்தானால் அடுத்த இடம் மறுநாளோ அதற்கடுத்த நாளோ. அப்போது நிறுவனம் நம் சீட்டுக்கு மாற்று ஏற்பாடோ பணமோ தரலாமேயன்றி, போன கப்பலுக்கு ஈடு தரும் என்று எண்ணுவதற்கில்லை. கப்பல்காரருக்கும் வராதவனுக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. பிரயாணக் காப்பீடு எடுத்திருந்தால் சிறிது கிடைக்கலாம். ஆனால் இத்தனை மணி நேர இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்று அதிலும் நிபந்தனை உண்டு. எடுக்கும்போதே படித்துவிடுங்கள்.

இதோடு நம் ஊர்ப் பருவத்தையும் யோசிக்க வேண்டும். சிங்கப்பூர்க் கப்பல்களுக்கு ஜனங்கள் அதிகம் போகும் மாதங்களும் நம் வடகிழக்குப் பருவமழை மாதங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 2015 டிசம்பரில் மீனம்பாக்கத்து ஓடுபாதை வெள்ளத்தில் மூழ்கி நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் மூடினார்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலில் மறுபடி மூடினார்கள். தை பிறந்தபின் மழை ஓய்ந்துவிடும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டாலும், போகியன்று நாம் எல்லோரும் பக்திசிரத்தையோடு கொளுத்தும் பழம்பாயும் டயரும் சேர்ந்து எழுப்பும் புகை, பனியோடு கலந்து விமானங்களைப் பெங்களூருக்குத் திருப்பி அனுப்பிய வருஷங்கள் உண்டு. அந்தத் தடுமாற்றம் அடுத்த நாட்களின் அட்டவணையையும் இழுத்துக்கொண்டு போவதும் உண்டு.

இன்னொரு மாயம் தேதியில் இருக்கிறது. 1.20 மணி விமானத்துக்கு இரவு 10 மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதாவது மூன்றாம் தேதி இரவு. சீட்டில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்துவிட்டு, அந்தத் தேதி ராத்திரி சாவகாசமாகச் சாப்பிட்டுப் புறப்பட்டவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் மைத்துனர். அவர் படித்த படிப்புக்கு மூன்று பட்டம் இருக்கிறது.

ஆகவே என் யோசனை, மூன்றாம் தேதி பகலிலேயே சிங்கப்பூரில் இறங்கும்படியான விமானம். ஒரு இரவு ஹோட்டல் வாடகை சேரும், வாஸ்தவம். ஆனால் அடக்கவிலைக் கணக்கில் அந்த வாடகையை உல்லாசச் செலவில் எழுதாதீர்கள். டிக்கெட்டின் விலையிலேயே கூட்டுங்கள். நள்ளிரவுச் சீட்டுக்கும் முந்தின நாள் சீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும், இருவருக்கு ஒரு அறையின் வாடகையையும் சேர்த்தால் வரும் தொகையை, கப்பலுக்கு நாம் கட்டியிருக்கும் தொகையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லிட்டில் இந்தியாப் பக்கம் தங்கினால் இட்லியும் கிடைக்கும். சிராங்கூன் ரோட்டு வீரமாகாளியம்மனைத் தரிசிக்கவும் ஆகும். நம் வயதில், இரவெல்லாம் விழித்த கண்ணோடும் வீங்கிய காலோடும் கப்பலேறி, முதல் நாள் விருந்தைத் தூக்கத்தில் கழிப்பதற்கா இத்தனை காசு?

துறைமுகத்தின் பெயரையும் கவனமாகப் படிக்க வேண்டும். சிங்கப்பூரில் பிரயாணிக் கப்பல் நிலையங்கள் இரண்டு: ஒன்று 2012-இல் திறந்த மரினா பே நிலையம், அதற்கு ரயிலில் மரினா சவுத் பியர் என்ற நிறுத்தம், மற்றது ஹார்பர்ஃப்ரன்ட் நிலையம், அதற்கு அதே பெயரில் நிறுத்தம். ஒன்றுக்குப் போக வேண்டியவன் மற்றதற்குப் போய் நின்றால் பெட்டியோடு திண்டாட்டம். சிங்கப்பூராவது சிறிய ஊர். ரோமாபுரியிலிருந்து கப்பல் என்று விளம்பரம் செய்வார்கள், அது 70 கிலோமீட்டருக்கு அப்பால் சிவிடவேக்கியாவில் நிற்கும். லண்டன் என்பார்கள், சவுத்தாம்ப்டனில் நிற்கும். பாங்காக் என்பார்கள், லேம் சபாங்கில் நிற்கும். இதில் நமக்கு ஆச்சரியம் இல்லை. சென்னைத் துறைமுகம் என்று எண்ணி வந்த வெளிநாட்டு வியாபாரிகளை மீஞ்சூருக்கு அந்தண்டை காட்டுப்பள்ளிக்கு அழைத்துப்போய்த் திகைக்க வைத்தவர்கள்தானே நாம்.

காகித விஷயங்களில் என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் கோலாலம்பூருக்கு ஒருவழிச் சீட்டு ஒன்றை மிக மலிவாக வாங்கி, அதை நாலு பேரிடம் பெருமையாகக் காட்டியும்விட்டு விமான நிலையத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண், “திரும்பி வர டிக்கெட் எங்கே சார்?” என்றாள். பஸ்ஸில் சிங்கப்பூர் போய் அங்கிருந்து வருவேன் என்றேன். அதற்குச் சீட்டு எங்கே என்றாள். வாங்கவில்லை. அந்த நாட்டில் அனுமதி மறுக்கப்பட்டால் பிரயாணியைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழுவதால், அவர்கள் கேட்பது நியாயமே. அங்கேயே நின்று, என் மலிவுச் சீட்டின் இரண்டு மடங்கு விலைக்கு ஒரு திரும்பும் சீட்டு வாங்கினேன். அதற்குள் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் என்னை எப்படியெல்லாம் பார்த்தார்கள் என்பதை எழுத வேண்டாம். ஆகவே கப்பல் பதிவின் அச்சுப்பிரதியும், கப்பலுக்குப் பிறகு ஊர் திரும்பவோ மலேசியா போகவோ வாங்கிய சீட்டும் கையில் இல்லாமல் ஒருவரும் புறப்பட வேண்டாம். திரும்பும் தேதி நிச்சயமில்லாதவர்கள், கட்டணம் செலுத்தித் தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டாக வாங்கட்டும்.

விசாவைப் பொறுத்தவரை, சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் மறப்பது, கப்பலேறும்போது நாம் சிங்கப்பூரை விட்டு வெளியேறி, திரும்பி இறங்கும்போது மறுபடி நுழைகிறோம் என்பதை. ஆகையால் பலமுறை நுழையும் விசாவாக அது இருக்கிறதா என்று கையில் வந்தவுடனே பாருங்கள். வருகை அட்டையையும் இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதித்துவருகிறது என்றாலும், இத்தகைய சலுகைகள் தவணை வைத்து நீட்டப்படுபவை; புறப்படும் மாதத்தில் மறுபடி விசாரித்துக்கொள்வது உத்தமம். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை முத்திரை இருக்கும், ஒருவழிச் சீட்டைப் பார்த்தால் வேலைக்குப் போவதாகச் சந்தேகிப்பார்களே என்று நம் தோழி ஒருவர் பயந்தார். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தச் சோதனை தேவையில்லை என்பது விதி. முதுமைக்கு அரசாங்கம் காட்டும் சில மரியாதைகளில் இதுவும் ஒன்று.

பெயர் விவகாரம் தமிழனுக்கே உரிய தலைவலி. நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது; தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு அறுபது வருஷம் கௌரவமாக வாழ்ந்துவிட்டோம். பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு அந்த இடம் காலி. ஒருவருக்குத் தகப்பனார் பெயர் முழுதாக. இன்னொருவருக்கு ஊர்ப்பெயரே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு பார்வையாளராக வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அறிவித்தபோது, துபாய் வழியாகப் போக நினைத்த எத்தனையோ பேர் விழித்தார்கள். கப்பல் சீட்டு, விமானச் சீட்டு, விசா மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல், பெயர் இருக்கட்டும். பின்னால் திருத்தக் காசு கேட்பார்கள்.

மலிவுக்காகச் சுற்றிப் போகலாமா என்பதற்கும் ஒரு வார்த்தை. கொழும்பு வழியாக ஒரே நிறுவனத்தின் ஒரே சீட்டில் போனால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் கடமை அவர்களுக்கு உண்டு. பெட்டியும் நேரே போய்ச் சேரும். போட் மெயிலின் பேரன் என்று அதைச் சொல்லலாம். ஆனால் கோலாலம்பூருக்கு ஒரு நிறுவனத்திலும் அங்கிருந்து சிங்கப்பூருக்கு வேறு நிறுவனத்திலும் தனித்தனிச் சீட்டாக வாங்கினால், இறங்கி, குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, சில சமயம் ஒரு முனையத்திலிருந்து மற்றொரு முனையத்துக்கும் ஓடி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் எது பிசகினாலும் கேட்பாரில்லை. அங்கிருந்து பஸ்ஸில் போவது காசுக்கு மலிவுதான். ஆனால் ஜொகூர்ப் பாலத்தின் விடுமுறைநாள் நெரிசலைக் கண்டவர்கள், கப்பல் நாளன்று அந்த வழியை நினைக்கமாட்டார்கள். திரும்பும்போது அவசரமில்லை, அப்போது அந்த பஸ்ஸை ஆனந்தமாக அனுபவியுங்கள். கோலாலம்பூரிலிருந்து திரும்பும் மூன்று தம்பதிகள் மட்டும், ஒரு ஊரில் இறங்கி வேறொரு ஊரில் ஏறும்படியான ஒரே சீட்டாகக் கேட்டுப் பாருங்கள். ‘மல்டி சிட்டி’ என்று ஏஜென்டுகள் சொல்லும் அது, இரண்டு தனிச்சீட்டுகளைவிடச் சில நாட்களில் குறைவாக அமைகிறது. திருச்சிக்காரர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து நேர் விமானங்களே பல.

நம் ஊர்ப் பூசலார் நாயனாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கையில் காசில்லாத அந்த மனிதர் கல்லும் மரமும் சுண்ணமும் தச்சரும் என்று ஒவ்வொன்றாக மனத்திலேயே சேகரித்து, அஸ்திவாரத்திலிருந்து சிகரம் வரை மனத்திலேயே எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளைக் காஞ்சியில் கற்கோயில் கட்டிய காடவர்கோனும் குறித்திருக்க, இறைவன் அரசன் கனவில் தோன்றி, நின்றவூரில் அன்பன் ஒருவன் கட்டிய ஆலயத்துக்கு அன்று போக வேண்டியிருப்பதால் உன் விழாவை வேறு நாளைக்கு வைத்துக்கொள் என்றாராம். பெரியபுராணத்தில் இதைக் கேட்கும்போதெல்லாம் பக்தியோடு எனக்கு இன்னொரு வியப்பும் தோன்றும்: ஒரு கல்லும் வாங்காமலே ஒன்றும் விட்டுப்போகாமல் திட்டமிட்ட அந்த மனத்தின் ஒழுங்கு. சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், வீட்டு வாசலில் பெட்டியைத் தூக்குவதிலிருந்து, ரயிலில் மூர் மார்க்கெட்டும் அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையமுமா, அல்லது நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை பிடித்து வண்டலூர் வழியாகக் காரிலா என்பது வரை, கப்பலின் ஏணிப்படியில் கால் வைக்கும் கணம் முடிய ஒருமுறை மனத்துக்குள் போய்வாருங்கள். ஆனால் நாயனாருக்காக அரசன் நாளைத் தள்ளிவைத்ததுபோல நமக்காகக் கப்பல் தலைவன் மணியைத் தள்ளிவைப்பான் என்று எதிர்பார்க்க நமக்கு யோக்கியதை போதாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நடை வேண்டாம். காலை 6 மணிக்கு ஹிருதயாலீஸ்வரர் கோயில் வாசலில் 12 தம்பதிகளும் பாஸ்போர்ட்டோடு கூடுவோம். பெயரையும் காலாவதித் தேதியையும் நான் ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறேன். பின்னர் மூன்றாம் தேதி பகல் விமானத்துக்கு அவரவர் இரண்டிரண்டு சீட்டாக வாங்கிவிடலாம். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்பதால், அதற்குள் முடிகிறவர்கள் உடனே புதுப்பிக்க மனுச் செய்ய வேண்டும். இவ்வளவும் எழுதிய பிறகு என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அது தைக்குப் பின் வரும் சித்திரையில் முடிகிறது. செவ்வாய்க்கிழமை அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அன்று மட்டும் நடைக்கு வரமாட்டேன்.

இங்ஙனம்,
உங்களோடு கப்பலேறும் உத்தேசமுள்ள
ஏரிக்கரை நண்பன்